சரியான அளவு

தையல் மெஷினில் ஒரு தையல் எப்படி விழுகிறது என்று கேட்டால், இருபது வருஷம் தைத்தவர்கள்கூட ஊசியைத்தான் காட்டுவார்கள். ஊசி செய்வது பாதி வேலைதான். மேல்நூலை இழுத்துக்கொண்டு துணிக்குள் இறங்கும், அடிமட்டம் வரை போகும், பிறகு திரும்பி ஏறத் தொடங்கும். ஒரு அரிசிமணி அகலத்துக்கு ஏறியதும், துணிக்கு அடியில் சிக்கிய நூல் தொய்ந்துபோய் ஊசியின் முதுகுப் பக்கம் ஒரு சின்ன வளையமாக வீங்கும். தகட்டுக்கு அடியில் சுற்றிக்கொண்டே இருக்கிற கொக்கி அந்த ஒரு கணத்துக்காகத்தான் சுற்றுகிறது. வளையத்துக்குள் மூக்கை நுழைத்து, அதை அகலமாக விரித்து, கீழ்நூல் இருக்கும் பாபினைச் சுற்றிக் கொண்டுவந்து விடும். மேல்நூல் கீழ்நூலைக் கட்டிக்கொள்ளும். கொக்கி ஒரு மயிரிழை முந்தி வந்தால் வளையம் இன்னும் வீங்கியிருக்காது. பிந்தி வந்தால் அது நழுவிப் போயிருக்கும்.

"அதான் உன் மெஷின் நாலு தைச்சா ஒண்ணை விட்டுடுது," என்றாள் குட்டியக்கா. "கொக்கி பிந்தி வருது. ஊசி பாவம், அதை ஏன் மாத்தி மாத்திப் போட்டே?"

எதிரே நின்ற காலர்காரி கையைப் பிசைந்தாள். துணி ஆலையில் சட்டைக் காலர் மட்டுமே தைக்கிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். "ஊசியை மாத்தினேன், நூலை மாத்தினேன், எண்ணெய் விட்டேன். கடைசியில ஒரு ஜெபம்கூட பண்ணிப் பார்த்துட்டேங்க்கா."

"ஆண்டவருக்கு ஸ்க்ரூ திருகற வேலையும் குடுத்துட்டியா? அதுக்குத்தான் நான் இங்க கடை போட்டு உட்கார்ந்திருக்கேனே."

குட்டியக்காவின் உயரம் மூன்றரை அடி. தலையும் உடம்பும் எல்லாருக்கும் இருக்கிற மாதிரிதான். கையும் காலும் மட்டும் குட்டை. தெருவில் யார் முதலில் அப்படிக் கூப்பிட்டார்களோ, பெயர் ஒட்டிக்கொண்டது. முப்பத்திரண்டு வயதில் அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டின் முன்னறைதான் கடை. கல்யாணமான முதல் மாதமே அவள் புருஷன் ஒரு ரம்பத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து மேஜைக் கால்களை அறுத்தான், சுவிட்சுகளைக் கீழே இறக்கினான், அடுப்பு மேடையை இடித்துத் தாழ்வாகக் கட்டினான். அந்த வீட்டில் குனிய வேண்டியவர்கள் மற்றவர்கள்தான். விருந்தாளிகள் பாத்திரம் கழுவ வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

எட்டாம் மாத வயிறு மேஜையில் இடித்தது. நேராக உட்கார்ந்தால் கை எட்டவில்லை. அதனால் ஸ்டூலைப் பக்கவாட்டில் போட்டு, வயிற்றைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஒரு தோளால் வேலை செய்தாள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் மரத்துவிடும். கொக்கியைப் பிடித்திருந்த மூன்று குட்டி ஸ்க்ரூக்களையும் தளர்த்தினாள். பக்கச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, ஊசியை அடிவரை இறக்கி, ஓர் அரிசிமணி ஏற்றி நிறுத்தினாள். கொக்கியின் மூக்கு ஊசிக் காதுக்குச் சற்று மேலே வந்து நிற்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"நேத்து ஸ்கேனுக்குப் போனீங்களே," என்றாள் காலர்காரி. "என்ன சொன்னாங்க?"

உள்ளே சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. அம்மா அங்கேதான் இருந்தாள். மகளின் பிரசவத்துக்கென்று வந்து ஒரு மாதம் ஆகிறது.

"பிள்ளையோட தொடை எலும்பு வளர்ச்சி நாலு வாரம் பின்தங்கி இருக்காம்."

"அப்படின்னா?"

"அப்படின்னா என்னை மாதிரி." ஸ்க்ரூவை முடுக்கினாள். "உறுதியாச் சொல்ல முடியாதுன்னாங்க. ஆனா அந்த டாக்டரம்மா முகமே உறுதியாச் சொல்லிடுச்சு. பாதிக்குப் பாதின்னு கல்யாணத்துக்கு முன்னாடியே தெரிஞ்ச கணக்குதான்."

காலர்காரி வாயைத் திறந்து மூடினாள்.

"ஐயோன்னு சொல்ல வந்தே. சொல்லாம விட்டதுக்கு உனக்கு இன்னைக்குக் கூலி பாதி. இந்தா, தைச்சுப் பாரு."

காலர்காரி ஒரு துண்டுத் துணியை வைத்து ஓட்டினாள். ஒன்றுகூட விடாமல் வரிசையாக விழுந்தது. "எப்படித்தான் செய்றீங்களோ," என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மத்தியானம் அம்மா முட்டையும் ரொட்டியும் காய்கறி சூப்பும் கொண்டுவந்து வைத்தாள். ஒரே ஒரு தட்டு.

"உனக்கு எங்க?"

"எனக்குப் பசியில்லை."

"நேத்தும் பசியில்லைன்னே. உபவாசமா?"

அம்மா மேஜையில் கிடந்த நூல்கழிவை எடுத்துச் சுருட்டினாள். "இருந்தா என்ன. வாயும் வயித்துமா இருக்கற பொண்ணுக்காக ஒரு தாய் ரெண்டு நாள் பட்டினி கிடக்கக் கூடாதா?"

"கிடக்கலாம். என்ன கேட்டுக் கிடக்கறேன்னுதான் கேக்கறேன்."

"நல்லதைக் கேட்டுத்தான்."

குட்டியக்கா அதற்கு மேல் தோண்டவில்லை. சூப்பில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றாள். வயிற்றுக்குள் பிள்ளை ஒரு உதை விட்டது. குட்டைக்காலோ நெட்டைக்காலோ, விலா எலும்பு வரை வலித்தது.

அவர்கள் போகிற சபையில் ஜெபச்சீட்டு என்று ஒரு வழக்கம் உண்டு. வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். வேண்டுதல் உள்ளவர்கள் சீட்டில் எழுதிப் போடுவார்கள். பெயர் எழுதக் கூடாது. பாஸ்டர் முன்கூட்டிப் பிரித்துப் பார்க்கவும் கூடாது. ஞாயிறு ஆராதனையில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து அப்படியே வாசிப்பார். சபை முழுவதும் ஆமென் சொல்லும். பெரிய மனிதர் சீட்டு, ஏழைச் சீட்டு என்று வித்தியாசம் வரக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட முறை. நல்ல முறைதான். ஆனால் நூற்றைம்பது பேர் கூடுகிற சபையில் 'ஏணியிலிருந்து விழுந்த சகோதரருக்காக' என்று வாசித்தால் எல்லாத் தலையும் ஒரே ஆளின் கட்டுப்போட்ட காலைத்தான் பார்க்கும்.

அந்த ஞாயிறு வெளியே மேகம் மூடிக் காற்றே இல்லாமல் கிடந்தது. கூரை விசிறிகள் வெப்பத்தைத்தான் கிளறிக்கொண்டிருந்தன. குட்டியக்கா மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் புருஷன். அவன் துணி ஆலையில் கட்டிங் மாஸ்டர். எல்லாரும் அவனை மாஸ்டர் என்றே கூப்பிடுவார்கள்.

பாஸ்டர் ஐந்தாவது சீட்டைப் பிரித்தார். "எங்கள் வீட்டில் பிறக்கப்போகும் பிள்ளை, தாயைப் போல..." நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். வழக்கத்தை மீற அவருக்குத் துணிவு வரவில்லை. அல்லது நடுவில் நிறுத்தினால் இன்னும் மோசமாகும் என்று நினைத்தாரோ என்னவோ. "தாயைப் போல இல்லாமல், சரியான அளவில் பிறக்கும்படி ஜெபியுங்கள்."

சபை மூச்சை இழுத்தது. ஆமென் தொண்டை வரை வந்துவிட்டது.

"வேண்டாம்," என்றது ஒரு குரல்.

குட்டியக்கா பெஞ்சின் மேல் ஏறிக்கொண்டிருந்தாள். முதலில் முழங்கால், பிறகு ஒரு கை முன் பெஞ்சின் முதுகில், பிறகு வயிற்றைத் தாங்கிக்கொண்டு மற்றக் கால். ஏறி முடிக்கச் சற்று நேரம் ஆயிற்று.

"ஐயா, இந்தச் சீட்டுக்கு யாரும் ஆமென் சொல்ல வேண்டாம்."

"சகோதரி, உட்காருங்க. ஆராதனை முடியட்டும், பேசலாம்."

"உட்கார்ந்தா என்னை யாருக்கும் தெரியாதுங்கய்யா. அதனாலதான் ஏறி நிக்கறேன்."

இரண்டொருவர் சிரித்தார்கள். அவள் அவர்களைச் சிரித்து முடிக்க விட்டாள்.

"தாயைப் போல இல்லாமன்னு எழுதியிருக்கு. அந்தத் தாய் நான்தான்னு உங்க எல்லாருக்கும் தெரியும். நான் இங்க உங்க நடுவுல உட்கார்ந்திருக்கேன். இன்னொரு ஆள் என்னை மாதிரி வந்துடக் கூடாதுன்னு எல்லாரும் சேர்ந்து ஆண்டவர்கிட்ட கேக்கப் போறீங்க. எனக்காக இந்த மாதிரி ஜெபம் நான் பொறந்த நாள்லேருந்து நடக்குது. எத்தனை பேர் என் தலையில கை வெச்சு வளரு வளருன்னு அழுதிருக்காங்க. ஒரு அங்குலம் குடுக்கலை அவர். காது கேக்கலைன்னா நினைக்கறீங்க? கேட்டுட்டுத்தான் முடியாதுன்னுட்டார்."

பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். ஏணியிலிருந்து விழுந்தவர் அவர்தான். "நல்லதுக்குத்தானேம்மா கேக்கறோம்? நீ படற பாடு பிள்ளைக்கு வேண்டாம்னுதானே?"

"என் பாடு உங்களுக்குத் தெரியும்னா அதுக்கு ஜெபம் பண்ணுங்க, பெரியவரே. என் முதுகு இன்னும் ஒரு மாசம் தாங்கணும்னு கேளுங்க. அறுவை பண்றப்ப மயக்கம் குடுக்கறவர் கை நிதானமா இருக்கணும்னு கேளுங்க. நானே முதல் ஆளா ஆமென் சொல்றேன். இந்தப் பிள்ளை பஸ்ஸில ஏறும்போது கேக்காம கொள்ளாம பொம்மை மாதிரித் தூக்கி வெக்காத ஜனங்க வேணும்னு கேளுங்க. அதைக் கேக்கறதுன்னா நம்மளைப் பத்தி நாமே கேக்கணும், அதான் யாரும் கேக்கறதில்லை. பிள்ளையை மாத்திக் குடுன்னு மட்டும் கேக்காதீங்க. எட்டு மாசமா ராவும் பகலுமா அவர் உட்கார்ந்து செஞ்ச வேலை அது. இப்பப் போய்க் குறை சொல்லாதீங்க."

அவளுடைய கால் மரத்துப்போயிருந்தது. மாஸ்டர் கையை நீட்டினான். அவள் அதைப் பிடிக்கவில்லை. முதலில் உட்கார்ந்து, பிறகு வழுக்கி இறங்கினாள்.

பாஸ்டர் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். அடுத்ததை எடுத்து வாசித்தார். யாரோ ஒரு பிள்ளையின் பரீட்சைக்காக. அதற்கு வந்த ஆமென் பாதிக்குரலில் இருந்தது.

மூவரும் வீட்டுக்கு நடந்தார்கள். கதவைச் சாத்தியதும் குட்டியக்கா ஸ்டூலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"சீட்டுல எழுதச் சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "அம்மாவுக்கு எழுதத் தெரியாது. எழுதினது யாருன்னும் தெரியும். நீங்கதான்."

மாஸ்டர் சுவரோடு நின்றான். "கையெழுத்தை நீ பார்க்கவே இல்லையே."

"பார்க்கணுமா? சரியான அளவு. இந்த ஊர்ல வேற எவன் அப்படி எழுதுவான்?"

மாஸ்டரின் வேலையைத் தெரிந்துகொண்டால்தான் இது விளங்கும். துணியை நூறு அடுக்கு, இருநூறு அடுக்கு என்று மேஜைமேல் விரிப்பார்கள். மேலே சட்டைப் பாகத்தின் வடிவில் வெட்டிய பேட்டர்ன் அட்டையை வைத்துச் சாக்கட்டியால் கோடு போடுவான். பிறகு வெட்டும் மெஷினைப் பிடித்து அத்தனை அடுக்கையும் ஒரே மூச்சில் வெட்டுவான். வெட்டிய கட்டின் மேல்துண்டையும் அடித்துண்டையும் எடுத்து அட்டையோடு வைத்துப் பார்ப்பான். அடித்துணி நழுவியிருந்தால் கட்டு கழிவுக்குப் போகும். பொருந்தினால் ஒரு சீட்டில் 'சரியான அளவு' என்று எழுதி, அதைக் கட்டின்மேல் குத்தித் தையலுக்கு அனுப்புவான். பன்னிரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை அவன் எழுதுகிற வார்த்தை அது. அத்தை சொல்லச் சொல்ல எழுதியபோதும் கை தன்பாட்டுக்கு அதைத்தான் எழுதியது.

"அத்தை அழுதாங்க," என்றான். "எனக்கும் மனசு கேக்கலை. எழுதினேன். தப்புதான்."

"தப்புன்னு சொல்லி முடிச்சுக்காதீங்க. எதுக்கு எழுதினீங்க, அதைச் சொல்லுங்க."

அவன் குனிந்து அவளுடைய செருப்பைச் சுவரோரம் ஒதுக்கிவைத்தான். "உன்னை நான் தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன். யாரும் தலையில கட்டலை. காலையில நீ கட்டிலை விட்டு இறங்கும்போது பல்லைக் கடிப்பியே, அது எனக்குத் தெரியும். தெருவுல போறப்ப பின்னாடி கேக்கற சிரிப்பு தெரியும். தெரிஞ்சு, வேணும்னு வந்தேன். ஆனா அந்தப் பிள்ளையை யாரும் கேக்கலையேம்மா. சம்மதமான்னு கேக்காம இதைக் குடுத்தா எப்படி?"

அது நல்ல கேள்வி. குட்டியக்காவுக்கே உள்ளுக்குள் ஓர் இடத்தில் தைத்தது. எட்டு மாதமாக அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களைக் கேட்டாங்களா?" என்றாள். "இந்த மூக்கு சம்மதமான்னு?"

"என் மூக்குக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை. வீட்டுக்குள்ள நீங்க வர்றதுக்கு முன்னாடி அது வந்துடும், அவ்வளவுதான்."

மூலையில் அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றினாள்.

"யாரையும் கேக்கலைங்க," என்றாள் குட்டியக்கா, குரலைத் தணித்து. "நெட்டையாப் பொறக்கறவனையும் கேக்கலை. நீங்க ஒரே அட்டையை வெச்சு இருநூறு வெட்டறீங்க. அதனாலதான் பொருந்தாதது உங்களுக்குக் கழிவு. ஆண்டவர் ஒரு அட்டையில ஒண்ணுதான் வெட்டறார். வெட்டிட்டு அட்டையைத் தானே வெச்சுக்கறார். உங்ககிட்ட இருக்கறது வேற எவனோட அட்டையோ. அதை என் மேல வெச்சுப் பார்த்துட்டு அளவு சரியில்லைன்னா, தப்பு என் மேலயா, அட்டை மேலயா?"

"எனக்குப் பயமா இருக்கு," என்றான் மாஸ்டர்.

"எனக்கு மட்டும் என்ன? தினம் பயந்துட்டுத்தான் இருக்கேன். வலிக்குதுன்னு அவர்கிட்ட சண்டை போடுவேன். ஏன் இப்படின்னு கத்துவேன். அதுக்கெல்லாம் அவர்கிட்ட இடம் இருக்கு. தப்பாச் செஞ்சிட்டீங்க, எடுத்துட்டு வேற குடுங்கன்னு மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னா அதுல நானும் சேர்ந்துதானே போறேன்?"

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். "ஆண்டவர் மேல தப்பு இல்லடி. என் மேலதான்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ வயித்துல மூணு மாசம். சந்தைக்குப் போயிருந்தேன். எதிர்ல ஒரு ஆளு, உன் உயரம்தான் இருக்கும், பெரிய மூட்டையைத் தலையில வெச்சுட்டு வந்தார். மூட்டை நடந்து வர்ற மாதிரி இருந்துச்சு. சிரிச்சிட்டேன். அவர் நின்னு என்னைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. போயிட்டார். நீ பொறந்தப்ப அந்த முகம்தான்டி எனக்கு ஞாபகம் வந்துச்சு. உங்கப்பாகிட்டகூடச் சொன்னதில்லை. எனக்குக் குடுத்த தண்டனையை நீ சுமக்கறே. உன் பிள்ளையும் சுமக்கணுமான்னுதான்..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குட்டியக்கா அம்மாவின் கையைப் பார்த்தாள். தன் தலையை அம்மா கோதும்போதெல்லாம் அந்த விரல்களில் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு தயக்கம் இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது கோபம்.

"அப்ப நான் உனக்கு வந்த தண்டனையா?"

"அப்படிச் சொல்லலைடி..."

"அப்படித்தான் சொன்னே. சந்தையில ஒரு நிமிஷம் சிரிச்சதுக்கு, ஆண்டவர் எங்கேயோ ஒரு உயிரை எடுத்து, கையை ஒடிச்சுக் காலைச் சுருக்கி, உன்கிட்ட அனுப்பினாராக்கும். அவ்வளவு அல்பமான ஆளா அவர்? அப்படின்னா என் பொறப்பு என்னோடது இல்லையா? உன் குத்தத்துக்குப் போட்ட முத்திரையா நான்? அம்மா, நல்லாக் கேட்டுக்க. நீ சிரிச்சது தப்பு. அந்த ஆளுகிட்ட மன்னிப்புக் கேளு. அவர் இல்லைன்னா ஆண்டவர்கிட்ட கேளு. அது உன் கணக்கு. அதுல என்னை எழுதாதே. என்னை அவர் எனக்காகச் செஞ்சார். அவர் வேணும்னு செஞ்சார்."

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். சாயங்காலம் மூன்று தட்டு வைத்தாள். மூன்றிலும் சோறு இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டாள். யாரையும் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பாஸ்டர் கடைக்கு வந்தார். உட்காரத் தாழ்ந்த ஸ்டூல்தான் இருந்தது. உட்கார்ந்ததும் முழங்கால் தாடைக்கு வந்துவிட்டது. குட்டியக்கா ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தாள். அம்மா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"அந்தச் சீட்டை நான் வாசிச்சிருக்கக் கூடாது," என்றார் பாஸ்டர். "வழக்கம்னு வாசிச்சிட்டேன். மன்னிக்கணும்மா."

"வாசிச்சது நல்லதாப் போச்சுங்கய்யா. இல்லைன்னா பெட்டிக்குள்ளயே இருந்திருக்கும்."

அவர் டீயை உறிஞ்சினார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டு வந்தவர் போல, அவள் கையைப் பார்த்தார். "ஆண்டவர் எல்லாத்துக்கும் ஒரு நோக்கம் வெச்சிருக்கார். இப்பப் பாருங்க, இந்தச் சின்னச் சின்ன மெஷினுக்குள்ள போய் வேலை செய்யத்தானே உங்களுக்கு இந்தச் சின்னக் கையைக் குடுத்திருக்கார்."

குட்டியக்கா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"ஐயா, நான் என்ன ஸ்பேனரா?"

"இல்லம்மா, நான் சொன்னது..."

"இந்தக் கையைப் பாருங்க. சின்னதுதான். ஆனா விரல் கட்டை, தடிமன். இதை வெச்சு கொக்கி ஸ்க்ரூவைப் பிடிக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மத்தவங்களுக்கு எட்டற இடம் எனக்கு எட்டாது. அதுக்காக இந்த டிரைவருக்கு நீளமாப் பிடி போட்டு வாங்கினேன். ஆறு வருஷம் கீழே போட்டு, ஒடைச்சு, திட்டு வாங்கிக் கத்துக்கிட்டேன். இந்த வேலைக்கு ஏத்த கை இது இல்லைங்கய்யா. பிடிவாதத்துல வந்த வேலை."

பாஸ்டர் முழங்காலை இறக்க முயன்று முடியாமல் விட்டார். "அப்ப நோக்கம் என்னன்னு நினைக்கறீங்க?"

"தெரியாது."

"தெரியாமலா அன்னைக்கு அவ்வளவு பேசினீங்க?"

"தெரிஞ்சிருந்தா நம்பணும்னே அவசியம் இல்லையேங்கய்யா. தெரியாததுனாலதான் நம்பறேன்." மோட்டார் சுருளின் மேலிருந்த தூசியை ஊதினாள். "எதுக்காவது உதவினாத்தான் அவர் என்னை வெச்சிருப்பார்னா, நாளைக்கு இந்தக் கை விளங்காமப் போனா என்ன பண்ணுவார்? தூக்கிப் போட்டுடுவாரா? நெட்டையா இருக்கறவங்களை யாராவது எதுக்குய்யா பொறந்தேன்னு கேக்கறாங்களா? பரண்ல இருக்கற பெட்டியை எடுக்கத்தான் ஆண்டவர் உன்னை நெட்டையாப் படைச்சார்னு யாராவது ஆறுதல் சொல்றாங்களா? என்கிட்ட மட்டும்தான் எல்லாரும் ரசீது கேக்கறீங்க."

பாஸ்டர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். "இருபது வருஷமா ஆறுதல்னு நினைச்சு என்னென்னவோ சொல்லிட்டிருக்கேன் போலிருக்கு," என்றார். "இப்ப நான் என்ன ஜெபம் பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க."

"மயக்கம் குடுக்கறதுதான்யா பயம். என் முதுகெலும்பு வளைவுக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போற ஊசி போட முடியாதாம். முழுசாத் தூங்க வெச்சுத்தான் எடுப்பாங்களாம். பிள்ளை அழற முதல் சத்தத்தை நான் கேக்க மாட்டேன். அது ஒண்ணுதான் எனக்கு ஆறலை."

அவர் அதற்காக மட்டும் ஜெபம் பண்ணினார். எழுந்திருக்க இரண்டு தடவை முயன்றும் முடியாமல் போக, மூன்றாவது தடவை அம்மாவே கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, வெயில் ஏறிய ஒரு முற்பகலில் ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்கவைத்தார்கள். விளக்கும் முகமூடி முகங்களும் தெரிந்தன. ஒரு குரல் எண்ணச் சொன்னது. அவள் நான்கு வரை எண்ணினாள்.

திரும்பி வந்தபோது முதலில் வந்தது காது. கண் திறக்கவில்லை. தொண்டையில் குழாய் போட்டு எடுத்த எரிச்சல், நாக்கு மரக்கட்டை மாதிரி. எங்கோ ஒரு தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. பக்கத்தில் திரைச்சீலை இருக்கிறது என்று அதில் பட்டு வந்த பேச்சிலிருந்து புரிந்தது.

"பெரியம்மா, இப்படிக் கொஞ்சம் உட்காருங்க," என்றாள் யாரோ ஒரு நர்ஸ். பிறகு குரல் தணிந்தது. "பெண் குழந்தை. நல்லாத்தான் இருக்கு. ஆனா..."

"ஆனா என்ன?" அம்மாவின் குரல்.

"கை காலெல்லாம் கொஞ்சம்... வந்து... அவங்க அம்மா மாதிரியே. டாக்டர் வந்து உங்ககிட்ட பேசுவார். நீங்க மனசைத் தளர விடாதீங்க."

திரைக்கு அப்பால் பேச்சு நின்றது. குட்டியக்கா வாயைத் திறக்கப் பார்த்தாள். வரவில்லை. கையை அசைக்கப் பார்த்தாள். அது யாருடைய கையோ போலக் கிடந்தது. இத்தனை நாள் பெஞ்சில் ஏறி நின்றும் ஸ்டூலில் உட்கார்ந்தும் அவளே பேசியாயிற்று. இப்போது பேச வேண்டிய நேரத்தில் நாக்கு இல்லை. அந்த மௌனம் நீண்டுகொண்டே போனது. மயக்க மருந்துக்குக்கூட அவள் இவ்வளவு பயப்படவில்லை.

"ஏம்மா," என்றாள் அம்மா கடைசியில், "அதை ஏன் காதோட காதாச் சொல்றே?"

"இல்லைங்க, வந்து..."

"செத்த வீட்டுல பேசற மாதிரிப் பேசறியே. இங்க யாரு செத்தா? பிள்ளை பொறந்திருக்கு. அவ அம்மா மாதிரி பொறந்திருக்கு. பின்னே எதிர்வீட்டுக்காரி மாதிரியா பொறக்கும்? எங்க, வாயைத் திறந்து சத்தமாச் சொல்லு."

"வார்டும்மா இது. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"முப்பத்திரண்டு வருஷம் மெதுவாத்தான் பேசினேன். போதும்."

நர்ஸ் ஒரு கணம் விழித்திருக்க வேண்டும். பிறகு, அதட்டலுக்குப் பணிந்தோ என்னவோ, அந்த நீள அறை முழுக்கக் கேட்கிற மாதிரியே சொன்னாள். "பெண் குழந்தைங்க. அம்மா மாதிரியே இருக்கா."

தூரத்துப் படுக்கையிலிருந்து ஒரு பெண், "யாரு மாதிரி?" என்று கேட்டாள்.

"என் பொண்ணு மாதிரி," என்றாள் அம்மா. நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. "குடு இங்க. அப்படி இல்லை, கழுத்துக்கு அடியில கையைக் குடு. இந்தப் பிள்ளைங்களுக்குத் தலை கனமா இருக்கும், கழுத்து நிக்கறதுக்கு நாளாகும். என்கிட்ட விடு. எனக்குப் பிடிக்கத் தெரியும்."